மெமோ எழுதும் முன்: மலையிலிருந்து வந்த சில கேள்விகள்

கோத்தகிரியில் டீ ஃபேக்டரி நடத்துகிறேன். ஒரு தொழிலாளி அடிக்கடி தாமதமாக வருகிறார். ‘பொறுப்பில்லாதவர், இதுவே கடைசி எச்சரிக்கை’ என்று எழுதிக் கொடுக்கலாமா?

வேண்டாம். ‘பொறுப்பில்லாதவர்’ என்பது உங்கள் அபிப்பிராயம். அதற்கு அவர் என்ன பதில் எழுத முடியும்? தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். ‘இம்மாதம் 3, 7, 12 தேதிகளில் காலை 7 மணி ஷிப்டுக்கு முறையே 7.40, 8.10, 7.50-க்கு வந்தீர்கள். ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.’ முதல் கடிதத்துக்கு, அதாவது விளக்கம் கேட்கும் மெமோவுக்கு, இவ்வளவு போதும். என்ன தண்டனை என்பதை இதில் எழுதாதீர்கள். பதிலைப் பார்க்கும் முன்பே முடிவெடுத்துவிட்டீர்கள் என்பதற்கு நாளை வழக்கு என்று வந்தால் அந்த வரியைத்தான் காட்டுவார்கள்.

அப்புறம், வருகிற பதிலை மனம் வைத்துப் படியுங்கள். முதல் பஸ் வரவில்லை, பாதையில் காட்டெருமை நின்றது என்பதெல்லாம் நம் ஊரில் நிஜமாகவே நடப்பவை. விளக்கம் சரியென்றால் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று அதையும் எழுதிக் கொடுங்கள். இதைப் பலர் செய்வதே இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

குன்னூரில் எங்கள் ஊழியர் மெமோவை வாங்கவே மறுக்கிறார்.

‘வாங்க மறுத்தார்’ என்று அதிலேயே எழுதி, நேரில் பார்த்த இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதியை அவர் வீட்டு முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊட்டியில் வர்க்கிக் கடை. மூன்று வருடமாக இருக்கும் பையன் கல்லாவில் கை வைத்ததாகச் சந்தேகம். உடனே நிறுத்திவிடலாமா?

முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-ன்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நிறுத்த நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குரிய சம்பளமோ வேண்டும். முறைகேடு என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதென்றால், விசாரணை வைத்து ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் மீது சந்தேகம் கொண்டவரே விசாரணையை நடத்தக் கூடாது. கடிதத்தில் ‘திருடினாய்’ என்று எழுதாதீர்கள். ‘இந்தத் தேதியில் கல்லாவில் 1,850 ரூபாய் குறைந்தது, அப்போது கல்லாவில் இருந்தது நீங்கள்’ என்று எழுதுங்கள். பையன் என்றாலும் கடிதத்தில் ‘நீங்கள்’தான்.

கூடலூர் எஸ்டேட்டில் ஒருவரை சஸ்பெண்ட் செய்திருக்கிறோம். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டை (தொழிலாளர் வரிசை வீடு) காலி செய்யச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். சஸ்பெண்ட் என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தமில்லை. அவர் இன்னும் உங்கள் தொழிலாளிதான். நிலையாணைகள் (வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கு நடவடிக்கையையும் சொல்லும் விதிகள்) உள்ள இடத்தில் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். அதற்கு மேலும் விசாரணை இழுத்து, அந்தத் தாமதம் அவரால் வந்ததில்லை என்றால் குறைந்தது 75 சதவீதம். எஸ்டேட்டில் வேலையும் கூரையும் ஒன்றாகப் பின்னியிருக்கின்றன. அவர் பிள்ளைகள் அந்த லைனில் இருந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். விசாரணை முடியும் முன் அவர்கள் தண்டனை அனுபவிக்கக் கூடாது.

நான் கொடைக்கானல் லாட்ஜில் ரூம் பாய். ஆங்கிலத்தில் மெமோ கொடுத்திருக்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. கையெழுத்துப் போடலாமா தம்பி?

போடுங்கள் அண்ணா, பயப்பட வேண்டாம். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. தமிழில் தரும்படியும், பதிலுக்கு அவகாசம் தரும்படியும் அன்றே எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதிவிடாதீர்கள்.