நான்கு மாதமாக அலமாரியில் கிடந்த, மூன்று முள்ளும் தேதியும் மட்டும் உள்ள சிட்டிசன் ஈகோ-டிரைவ் சோலார் வாட்ச்சில் வினாடி முள் இரண்டிரண்டாகத் தாவுகிறது. ஒரு மணி நேரம் வெயில் காட்டியும் மாறவில்லை. கடைக்காரர் சொல்வதுபோல் செல்லை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது மூன்று முள்ளும் தேதியும் மட்டும் உள்ள சிட்டிசன் ஈகோ-டிரைவ் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். சீகோ சோலாருக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

வினாடி முள் இரண்டு வினாடிக்கு ஒருமுறை இரண்டு கோடு தாவுவது கோளாறு இல்லை. சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது, வெளிச்சம் காட்டு என்று வாட்ச் கேட்கும் முறை அது. அப்போதும் நேரம் சரியாகத்தான் ஓடும். அப்படியே இருட்டில் விட்டால் சில நாளில் நின்றுவிடும்.

ஆனால் உங்கள் வாட்ச் ஏற்கெனவே முழுதாக நின்றிருந்து, வெயில் பட்டு மறுபடி ஓடத் தொடங்கியிருந்தால் விஷயம் வேறு. ஈகோ-டிரைவில் நேரம் திருத்தச் சொல்லும் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அதிலும் முள் இரண்டிரண்டாகவே போகும், ஆனால் தாளம் சீராக இருக்காது. இதை எத்தனை மணி நேரம் வெயிலில் வைத்தாலும் மாற்ற முடியாது. கிரவுனை (பக்கத்தில் உள்ள திருகுக் குமிழை) கடைசி நிலை வரை இழுத்து, நேரம் திருத்தி, உள்ளே தள்ளினால்தான் ஒற்றை வினாடி நடைக்குத் திரும்பும். கடையில் ‘செல் போச்சு’ என்று சொல்லப்படும் வாட்ச்சுகளில் சில இந்த ஒரு காரணத்தால் மாட்டிக்கொண்டவை. முதலில் இதைச் செய்து பாருங்கள்.

நேரம் திருத்தும்போது தேதி நள்ளிரவில் மாறுகிறதா, நண்பகலிலா என்று முள்ளைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு 9 மணி முதல் அதிகாலை வரை கிரவுனின் நடு நிலையில் தேதியைத் திருப்ப வேண்டாம். அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் ஏற்கெனவே பற்களில் பிடிபட்டிருக்கும். மறுநாள் தேதி மாறாமல் போகலாம்.

இனி சார்ஜ். பலரும் ஏமாறும் இடம் இது. முள் ஒவ்வொரு வினாடியாக நகர ஆரம்பித்ததும் ‘ஏறிவிட்டது’ என்று எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். உண்மையில் எச்சரிக்கைக் கோட்டை அது இப்போதுதான் தாண்டியிருக்கிறது. முழுதாக நிரம்பியதைக் காட்டும் அளவுமானி உங்கள் மாடலில் கிடையாது. ஈகோ-டிரைவ் ஈ111 காலிபர் (உள்ளிருக்கும் இயந்திரத்தின் மாடல்) முழு சார்ஜில் இருட்டில் சுமார் 6 மாதம் ஓடும். சீகோ வி157 சுமார் 10 மாதம். நான்கே மாதத்தில் உங்களுடையது தளர்ந்ததென்றால், அலமாரிக்குள் போகும்போதே அது அரைவயிற்றோடு போயிருக்க வாய்ப்பு அதிகம்.

வெளிச்சத்தின் கணக்கு நம் கண்ணுக்குத் தெரிவதுபோல் இல்லை. லக்ஸ் என்ற வெளிச்ச அலகில் சொன்னால், திறந்தவெளி உச்சி வெயில் சுமார் 1,00,000, மேகமூட்டமான பகல் 10,000, அலுவலக மேசை 500. வெயிலில் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு நாள் ஓட்டத்துக்கான மின்சாரம் கிடைத்துவிடும். அதே அளவுக்கு அலுவலக விளக்கடியில் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். முழுக்கை சட்டைக்குள் இருந்தால் அதுவும் இல்லை. நின்ற நிலையிலிருந்து முழுதாக நிரம்ப, நேரடி வெயிலில் பத்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். மேகமூட்டத்தில் முப்பது நாற்பது மணி நேரம். அலுவலக வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம், அதாவது நடக்காத காரியம். துல்லியமான எண்கள் மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டு அட்டவணையைப் பாருங்கள்.

ஆகவே, காலை ஏழிலிருந்து ஒன்பது வரை டயல் சூரியனைப் பார்க்க வையுங்கள். ஐந்தாறு நாள் தொடர்ந்து செய்தால் போதும். நம்மூர் உச்சி வெயில் வேண்டாம். காரின் டாஷ்போர்டு வேண்டவே வேண்டாம். 60 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சேமிப்பு செல்லுக்கும் ரப்பர் வளையத்துக்கும் கேடு. மழை நாளில் எல்இடி மேசை விளக்கை ஒரு சாண் உயரத்தில் வைத்து இரவு முழுக்க விடலாம். பழைய குண்டு பல்பு கிட்டே வேண்டாம், அது வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் தரும். அதிகமாக ஏறிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. நிரம்பியதும் உள்ளிருக்கும் மின்சுற்று தானே தடுத்துக்கொள்ளும்.

முழுதாக ஏற்றியபின் டயலை மூடி இருட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் மறுபடி தாவினால்தான் செல்லைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் செல் மட்டும்தான் காரணம் என்று இல்லை. உள்ளே எண்ணெய் காய்ந்து சக்கரங்கள் கனத்தால், மோட்டாரை நகர்த்த மின்சுற்று வலுவான துடிப்புகளை அனுப்ப வேண்டியிருக்கும். சேமிப்பு சீக்கிரம் தீரும். மின்னோட்டத்தை மைக்ரோஆம்பியரில் அளந்து பார்க்கும் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் எது என்று சொல்லிவிடுவார்.

செல்லை மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், எந்தச் செல் போடுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இந்த வாட்ச்சுகளில் இருப்பது எம்டி621 போன்ற, திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய லித்தியம் செல், 6.8 மில்லிமீட்டர் விட்டம், 2.1 மில்லிமீட்டர் கனம், 1.5 வோல்ட். எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் எஸ்ஆர்621எஸ்டபிள்யூ சில்வர் ஆக்ஸைடு செல்லும் ஏறக்குறைய அதே அளவு, 1.55 வோல்ட். போட்டால் வாட்ச் ஓடும், ஆபத்தே அதுதான். மின்னேற்றக் கூடாத செல்லுக்குள் சூரியத்தகடு நாள்தோறும் மின்சாரத்தைத் தள்ளும். அது உப்பும், கசியும், வெடிக்கவும் கூடும். கசிந்தால் மோட்டாரின் கம்பிச்சுருளும் மின்சுற்றும் சேர்ந்து போய்விடும். அசல் செல்லில் பெரும்பாலும் உலோகப் பட்டை பற்றவைத்தே வரும். அந்தப் பட்டையைப் பிய்த்து வேறு செல்லில் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாட்ச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பின்மூடியைத் திறந்தால் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நீர் அழுத்தச் சோதனை முடியும்வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி அலமாரிக்குத்தான் போகும் என்றால் டயல் மேலே தெரிய, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள். சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிரவுனை வெளியே இழுத்து விடாதீர்கள். அந்த இடைவெளியில் ஈரம் புகும்.