முன் பிரேக்கும் மலை இறக்கமும்: வண்டி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பைக்கில் முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று அப்பா திட்டுகிறார். உண்மையா?

பதில்: அப்பாவின் பயத்தில் காரணம் இருக்கிறது, தம்பி. ஆனால் முன் பிரேக்கைத் தொடாமலே ஓட்டுவது அதைவிட ஆபத்து. பஸ்ஸில் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் இல்லையா, அதேபோல வண்டியின் பாரமும் முன்சக்கரத்துக்கு ஏறும். பாரம் ஏறினால் தரையில் பிடிப்பும் கூடும். பின்சக்கரமோ லேசாகி, கொஞ்சம் அழுத்தினாலே லாக் ஆகி, அதாவது சுற்றாமல் நின்று, இழுத்துக்கொண்டு போகும். அதனால் நல்ல தார் ரோட்டில் பெரும்பங்கு வேலை முன் பிரேக்குடையதுதான். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள்; முன்னதை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்துங்கள். மணலோ, ரோட்டில் காயப்போட்ட நெல்லோ கண்ணில் பட்டால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: ஏபிஎஸ் என்கிற பிரேக் அமைப்பு இருந்தால் சீக்கிரம் நின்றுவிடும்தானே?

பதில்: எப்போதும் இல்லை. சரளைக் கல்லில் நிற்கும் தூரம் கூடவும் செய்யும். சக்கரம் லாக் ஆகாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. உருளும் சக்கரத்தைத்தான் திருப்ப முடியும்.

கேள்வி: 40 கிலோமீட்டர் வேகத்தைவிட 80-ல் நிறுத்த இரண்டு மடங்கு தூரம் போதுமா?

பதில்: நான்கு மடங்கு வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 10 மீட்டரில் நின்ற வண்டிக்கு 40 மீட்டர் ஆகும். பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி தாமதித்தால் இன்னொரு 22 மீட்டர். முன்னால் போகும் லாரியை ஒட்டிப் போகிறவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: சார், கொல்லிமலையில் இருந்து காரில் இறங்கும்போது பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போய்விட்டது. அரைமணி நேரம் நிறுத்தி வைத்ததும் சரியானது. குடும்பமே பயந்துவிட்டோம்.

பதில்: படிக்கும்போதே எனக்குப் பதறியது. நிறுத்தி ஆறவிட்டது மிகச் சரி. 1,200 கிலோ கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பினால் அந்த வெப்பம் முழுக்க டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும். பெடலில் மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயிலோ காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை, புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் 140-க்கே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் வரும். திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். நீங்கள் மிதித்த மிதி அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விட்டது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமானது.

உடனே பிரேக் ஆயிலை மாற்றுங்கள், பேடுகளையும் காட்டுங்கள். அப்புறம், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்த வெப்பம் சைலன்ஸர், ரேடியேட்டர் வழியாக வெளியேறிவிடும்.

கேள்வி: நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்கிறார்களே?

பதில்: வேண்டவே வேண்டாம். இன்றைய இன்ஜெக்ஷன் இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும்.

கேள்வி: டயருக்கு நைட்ரஜன் அவசியமா?

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசை மிச்சம் பிடித்து, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து.