காற்றின் மேல் பழி

அன்பின் அக்கா,

வெள்ளவத்தையில் இருக்கிறேன், கணக்காளர் வேலை. சில மாதங்களாகச் சனிக்கிழமைகளில் மட்பாண்ட வகுப்புக்குப் போகிறேன். முதலில் விரலால் குழித்த சின்னக் கிண்ணம், பிறகு மண்ணைத் திரியாக உருட்டி அடுக்கிய பூச்சாடி. இரண்டும் ஒழுங்காக வந்தன. மூன்றாவதாகச் செய்த, பிடி வைத்த மக் சூளைக்குள் வெடித்து, பக்கத்திலிருந்த இன்னொரு பிள்ளையின் தட்டையும் உடைத்துவிட்டது. “மண்ணைச் சரியாகப் பிசையவில்லை, உள்ளே காற்று இருந்திருக்கிறது” என்றார் ஆசிரியர். அன்றிலிருந்து பிசைந்து பிசைந்து மணிக்கட்டு நோகிறது. வீட்டில் அப்பாச்சி வேறு, “படிச்ச பிள்ளை சட்டி பானை செய்யிறதோ” என்று சிரிக்கிறா. சொந்தமாக ஒரு மின்சக்கரம் வாங்கி வீட்டிலேயே பழகலாமா? பாண்டத்துக்குக் கண்ணாடி மாதிரி மினுக்கம் தரும் கிளேஸ் பூசுவதை எப்போது தொடங்கலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்பின் தங்கச்சி,

இந்தக் காற்றுக் கதைக்காகப் போன கிழமைதான் ஒரு நண்பரோடு தொண்டை வரளச் சண்டை பிடித்தேன். அவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதற்குள் உம்முடைய கடிதம்.

முதலில் மணிக்கட்டுக்கு ஓய்வு கொடும். பிசைவது தேவைதான். மண் எங்கும் ஒரே பதமாக வரவேண்டும். குமிழி இருந்தால் சக்கரத்தில் சுவரை எழுப்பும்போது கை தடுக்கி எல்லாம் கோணிப்போகும். ஆனால் சூளையில் வெடிப்பதற்குக் காரணம் காற்றல்ல, ஈரம். கணக்குப் பிள்ளைக்குக் கணக்காகவே சொல்கிறேன். 30 பாகை செல்சியஸில் உள்ள காற்றை 100 பாகைக்குச் சூடாக்கினால் அதன் பருமன் கால் பங்குக்கும் குறைவாகவே கூடும். சுடாத மண்ணில் நுண்துளைகள் ஏராளம், அவ்வளவு காற்றும் அவற்றின் வழியே மெல்லக் கசிந்துவிடும். தண்ணீர் அப்படியல்ல. 100 பாகையில் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். சூளை வேகமாகச் சூடேறினால் அந்த ஆவி வெளியேற நேரமில்லை, சுவரைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். நன்றாகக் காய்ந்த பாண்டத்தில் குமிழி இருந்தாலும் அது பேசாமல் வெந்துவிடும். குமிழியே இல்லாத ஈரப் பாண்டம் வெடிக்கும்.

உம்முடைய மக்கில் பிடி சேரும் இடம்தான் எல்லாவற்றிலும் தடிப்பு. மண்குழம்பு பூசி ஒட்டியிருப்பீர், அதுவும் தண்ணீர்தானே. வெளியே வெளிறிக் காய்ந்தது போல் இருந்திருக்கும், உள்ளே ஈரம் நின்றிருக்கும். கடலோரக் கொழும்பில், மழை நாளில் போத்தலுக்குள் உப்பே கசிகிறது. மண் மட்டும் அடுத்த சனிக்கிழமைக்குள் காயவேண்டும் என்றால் எப்படி? ஃபேனுக்குக் கீழே வைத்தேன் என்று நீர் எழுதவில்லை. ஆனால் வைத்திருப்பீர், எல்லோரும் வைக்கிறார்கள். விளிம்பும் பிடியும் முதலில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாகவே இருக்கும், கீறல் விழும். பிடியைப் பொலித்தீனால் சுற்றிவிடும். விளிம்பு இறுகியதும் கவிழ்த்து வையும். கடைசியில் கன்னத்தில் ஒற்றிப் பாரும். குளிர்ந்தால் ஈரம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. சூளையை ஓர் இரவு முழுக்க 100 பாகைக்குக் கீழே வைத்திருக்கச் சொல்லி ஆசிரியரைக் கேளும். கரண்ட் பில்லைச் சொல்லி அவர் முகம் சுளித்தால், வகுப்பில் எல்லோருமாகப் பங்கு போட்டுக் கொடுங்கள்.

கன்னத்தில் குளிராத மண்ணிலும் தண்ணீர் இருக்கிறது என்பது வேறு கதை. பொரலஸ்கமுவவில் வெண்களிமண் படிவு இருக்கிறது தெரியுமா? அந்த வகை மண் சுத்தமாக இருந்தால், அதன் எடையில் 14 சதவீதம் மண்ணோடு பிணைந்த தண்ணீர். 500, 600 பாகையளவில்தான் அது விட்டுப் போகும். அதுவரை உம்முடைய மக்கை வாளித் தண்ணீரில் போட்டால் கரைந்து திரும்பவும் களியாகிவிடும். போனபிறகு கரையாது. பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டாது என்று சொன்னவர்கள் இந்த எல்லையைக் கையாலேயே அறிந்தவர்கள்.

சனத்துக்கு ஏன் காற்றின் மேல் இவ்வளவு ஆசை? சின்ன வயதில் கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு தைப்பொங்கலுக்குப் புதுப்பானை கீறிவிட்டது. பால் முழுக்கக் கல்லடுப்பில். பானை முதல் நாள் முழுவதும் நடைபாதைக் கடையில் தூறலில் நனைந்தது. காலையில் பொச்சு மட்டையும் ஓலையுமாக ஒரேயடியாகக் கொளுத்தினார்கள். ஆனால் அம்மம்மா நாவூறு என்று தீர்த்துவிட்டா. “என்ன வடிவான பானை” என்று முதல் நாள் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த முறை சர்க்கரைப் பொங்கல் போகவில்லை. தீபாவளிக்கும் பலகாரம் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல் பழியைப் போட்டால் அடுப்பை மெல்ல எரித்திருக்கலாம் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

அப்பாச்சியின் சிரிப்பை ஒரு பகிடி மாதிரி எழுதிவிட்டுக் கடந்து போகிறீர். அதில் சாதி இருக்கிறது, அது விளங்காத வயதில்லை உமக்கு. நீர் செய்வதற்கு ‘ஸ்டூடியோ’ என்று பெயர் இருப்பதால் சிரிப்போடு விட்டா. கண்டி வீதியில் கேகாலைக்குக் கிட்ட மொலகொடவில் சட்டி பானைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கொழும்பில் ஒரு மக்கைச் சொன்ன விலைக்கு வாங்கும் நாங்கள், அங்கே காரை நிறுத்திச் சட்டிக்குப் பேரம் பேசுகிறோம். ஒருநாள் போம். ஒரு சட்டியின் அடியைக் கையால் தடவிப் பாரும். உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை உருட்டுவது நம் குயவர்களின் பழைய முறை. அதனால் சுவர் எங்கும் ஒரே மெல்லிசு, தடித்த மூலை கிடையாது. மண்ணில் மணலும் கலப்பார்கள், ஆவி வெளியேற வழி கிடைக்கும். விறகும் வைக்கோலும் எரியும் சூளையில் அது தப்பிவருவது இதனால்தான். உம்முடைய வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தார்களா?

சக்கரமா? இப்போது வேண்டாம். ஃபிளட்டில் மண்தண்ணீர் சிங்க் குழாயை அடைக்கும், கீழ்வீட்டுக்காரர் ஏறி வருவார். கிளேஸைப் பற்றி ஆசிரியரையே கேளும்.

அடுத்த மக்குக்கு முன் அந்தப் பிள்ளைக்கு ஒரு தட்டுச் செய்து கொடும். தட்டு லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். ஓரம் முந்திக் காய்ந்தால் எழும்பி வளையும். இரண்டு மரப்பலகைக்கு நடுவில் வைத்து ஆறுதலாகக் காயவிடும். இடையில் பழைய பேப்பர் போட்டு, அது ஈரமானதும் மாற்றும்.