பரிசு வாங்கியதற்காகவே சிக்கலில் மாட்டிக்கொண்ட விளையாட்டு வீரர் யாராவது உண்டா?

உண்டு. ரக்பி வீரர் ஆர்தர் கூல்ட். பரிசாக வந்தது ஒரு வீடு.

கிரிக்கெட்டை மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். கார்டிஃபில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோதுதான் இந்தப் பெயர் காதில் விழுந்தது. ரக்பி பேசத் தெரியாவிட்டால் அந்த ஊரில் நாம் ஊமைதான்.

1864-ல் வேல்ஸின் நியூபோர்ட்டில் பிறந்தவர். சின்ன வயதில் ஓயாமல் மரம் ஏறுவாராம். அதனால் 'மங்கி' என்று பட்டப்பெயர், கடைசிவரை போகவில்லை. அண்ணன் தம்பிகள் ஆறு பேர் நியூபோர்ட் அணிக்கு ஆடிய குடும்பம். 1885-ல் வேல்ஸ் அணிக்குள் ஃபுல்பேக்காக, அதாவது எல்லோருக்கும் பின்னால் நிற்பவராக வந்தார், பிறகு நடுவில் ஆடும் சென்டர் இடத்தில் நிலைத்தார். 1897 வரை 27 ஆட்டங்கள், 18-ல் கேப்டன். வருடத்துக்கு மூன்று சர்வதேச ஆட்டம் நடந்தாலே பெரிது என்றிருந்த காலம் அது!

அவர் புகழின் உச்சம் 1893. ஜனவரியில் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் இங்கிலாந்தோடு ஆட்டம். மைதானம் உறைந்து கிடந்ததால், முந்தின இரவே கணப்புச் சட்டிகளை ஏற்றி வைத்து இளக்கியிருக்கிறார்கள். பின்தங்கியிருந்த வேல்ஸை, தானே இரண்டு டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி) போட்டு மேலே இழுத்து வந்தார் கூல்ட். கடைசியில் ஒரு பெனால்டி. பந்தைத் தரையில் நிறுத்தி உதை என்றார் கேப்டன் கூல்ட். தரை இறுகிக் கிடக்கிறது, கையிலிருந்து விட்டுத்தான் உதைப்பேன் என்றார் சக வீரர் பில்லி பேங்க்ராஃப்ட். கேப்டன் பேச்சைக் கேட்காமல் அவர் உதைத்தது உள்ளே போனது. வேல்ஸ் 12, இங்கிலாந்து 11. அப்புறம் ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் ஜெயித்து, முதன்முறையாக டிரிபிள் கிரவுன், அதாவது ஒரே பருவத்தில் இந்த மூன்று அணிகளையும் ஜெயித்த பெருமை. அயர்லாந்துக்கு எதிரான ஒரே டிரையைப் போட்டது ஆர்தரின் தம்பி பெர்ட்.

இப்போது வீட்டு விஷயம். 1896 வாக்கில் அவருக்கு மரியாதை செய்ய ஊரே ஷில்லிங் ஷில்லிங்காகப் பணம் போட்டது. வேல்ஸ் ரக்பி சங்கமும் தன் பங்குக்குக் கொடுத்தது. சேர்ந்த பணத்தில் நியூபோர்ட்டில் ஒரு வீடு. ஆனால் ரக்பியில் காசு வாங்கி ஆடுவது அன்று பெரும் பாவம். வேலைக்குப் போகாத நாளின் கூலியையாவது ஈடுகட்டுங்கள் என்று கேட்ட வட இங்கிலாந்து கிளப்புகள், அது கிடைக்காமல், 1895-ல்தான் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியாகப் பிரிந்திருந்தன. சுரங்கத் தொழிலாளிக்கு இல்லை என்றதை நட்சத்திரத்துக்கு எப்படிக் கொடுப்பது? சர்வதேச வாரியம் இது தொழில்முறை ஆட்டத்துக்குச் சமம் என்றது. வேல்ஸ் கோபித்துக்கொண்டு வாரியத்தை விட்டே வெளியேறியது. 1897-ல் வேல்ஸ் ஆடியது ஒரே ஒரு சர்வதேச ஆட்டம்.

வேடிக்கை என்னவென்றால், 1895-ல்தான் கிரிக்கெட்டின் டபிள்யூ. ஜி. கிரேஸுக்கு ஒரு லண்டன் பத்திரிகை இதே போல ஷில்லிங் வசூல் செய்தது. அவரும் பெயருக்கு அமெச்சூர்தான், அதாவது காசுக்கு ஆடாதவர். அங்கே யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை. என்னைக் கேட்டால், தப்பு கூல்டிடம் இல்லை, அந்த விதியிடம்தான்.

1897 ஈஸ்டரில் விருந்து வைத்து வீட்டுப் பத்திரத்தை அவர் கையில் கொடுத்தார்கள், அவரும் வாங்கிக்கொண்டார். இங்கிலாந்துச் சங்கம் மெல்ல இறங்கி வந்து, இது விதிவிலக்கான சூழ்நிலை என்று சொல்லிவிட்டது. 1898-ல் வேல்ஸை வாரியம் திரும்பச் சேர்த்துக்கொண்டது, கூல்ட் இனி சர்வதேச ஆட்டத்தில் இறங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்குள் அவர் தன் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்திருந்தார்: 1897 ஜனவரி, சொந்த ஊர் நியூபோர்ட்டில், இங்கிலாந்தை 11-0 என்று ஜெயித்து. ஸ்காட்லாந்துக்கு மட்டும் மனம் ஆறவில்லை. 1899 வரை வேல்ஸோடு ஆடவே இல்லை.