இவிச் ஏன் எங்கும் தங்கவில்லை? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளராக 5 ஆண்டுகள் இருந்த குரோஷியர் இகோர் ஸ்டிமாச்சை 2024 ஜூனில் நீக்கியபோதுதான் குரோஷியப் பயிற்சியாளர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நீங்கள் ஒரு கட்டுரையில் டோமிஸ்லாவ் இவிச்சைப் ‘பெரிய ஆசான்’ என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். எத்தனையோ நாடுகள், எத்தனையோ கிளப்புகள். பெரும்பாலான இடங்களில் ஓராண்டு, இரண்டாண்டு. சில இடங்களில் சில மாதங்கள்தான். ஈரானில் உலகக் கோப்பை தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டார்கள். ஓர் இடத்தில் நிலைத்து நின்று ஓர் அணியை வளர்த்தெடுக்காதவரை ஆசான் என்று எப்படிச் சொல்வது? ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தவர் என்று மட்டும்தானே சொல்ல முடியும்? அவருடைய அணி ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்த பட்டியல் சரிதான். யூகோஸ்லாவியா, நெதர்லாந்து, பெல்ஜியம், துருக்கி, இத்தாலி, கிரீஸ், போர்ச்சுகல், பிரான்ஸ், ஸ்பெயின், ஈரான் என்று எனக்கு உடனே நினைவுக்கு வருவதே 10 நாடுகள். ஆனால் அந்தப் பட்டியலில் எத்தனை ஆண்டு இருந்தார் என்ற பத்தியை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வோர் இடத்திலும் முதல் பருவத்தில் (சீசனில்) என்ன நடந்தது என்று பாருங்கள். நான் அவரை மதிப்பது அதற்காகத்தான்.

குரோஷியா யூகோஸ்லாவியாவின் பகுதியாக இருந்த காலம் அது. 1973இல் சொந்த ஊரான ஸ்பிளிட்டின் ஹைடுக் அணிக்குப் பொறுப்பேற்றார். அந்தப் பருவத்திலேயே யூகோஸ்லாவிய லீக் பட்டம். 1976இல் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ், முதல் பருவத்திலேயே டச்சு லீக் பட்டம். 1978இல் மறுபடி ஹைடுக். வந்த பருவத்திலேயே பட்டம். 1980இல் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட். முதல் பருவத்திலேயே பட்டம். 1987இல் போர்ச்சுகலின் போர்ட்டோ, அங்கே இருந்தது அந்த ஒரு பருவம்தான், அதிலும் பட்டம். ஐந்து முறை, நான்கு நாடுகளில், நுழைந்த ஆண்டிலேயே.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்த ஐந்தில் ஒன்றில்கூட அவர் கைக்கு வந்தது நடப்பு லீக் சாம்பியன் அல்ல. அயாக்ஸ் 1973க்குப் பிறகு லீக்கை வெல்லவில்லை. நட்சத்திர வீரர் க்ரைஃப் பார்சிலோனாவுக்குப் போய்விட்டார், அந்தப் பொற்கால அணி கலைந்துவிட்டது. ஆண்டர்லெக்ட் 1974க்குப் பிறகு வெல்லவில்லை. இடையில் க்ளப் ப்ரூஜ் நான்கு முறை வென்றிருந்தது. போர்ட்டோ 1987 மே மாதம் வியன்னாவில் பேயர்ன் மியூனிக்கை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையை வென்றது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு போர்ச்சுகல் லீக் பட்டம் பென்ஃபிகாவிடம் இருந்தது. வென்று கொடுத்த பயிற்சியாளர் ஆர்தர் ஜோர்ஜ் பாரீஸுக்குப் போய்விட்டார். அணியின் உயிராக இருந்த ஃபுத்ரே மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். இவிச் உள்ளே வருகிறார். பருவம் முடியும்போது லீக், போர்ச்சுகல் கோப்பை, ஐரோப்பிய சூப்பர் கோப்பை, கண்டங்களுக்கு இடையிலான கோப்பை என நான்கும் போர்ட்டோவில் இருந்தன.

ஓர் அணியைப் பத்தாண்டுகள் கையில் வைத்து வளர்ப்பது ஒரு வேலை. தளர்ந்துபோன வீட்டுக்குள் நுழைந்து, எந்தத் தூண் தாங்கும், எது தாங்காது என்று சில வாரங்களில் கண்டுபிடித்து நிமிர்த்துவது வேறு வேலை. இவிச் செய்தது இரண்டாவது. அதைத் தாழ்வாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, அப்படியானால் ஏன் எங்கும் தங்கவில்லை? முக்கியமான காரணம் அவருடைய ஆட்ட முறை என்று நினைக்கிறேன். தடுப்பாட்டத்தை முதலில் கட்டுவார். வரிசைகளுக்கு இடையே இடைவெளி விடாமல் அணியை நெருக்கி நிறுத்தி, பந்து எதிரியிடம் போனதும் எல்லோரும் சேர்ந்து அழுத்த வேண்டும் என்பார். ஆம்ஸ்டர்டாமில் இது பலருக்குப் பிடிக்கவில்லை. கோல் மழையைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பட்டத்தை வாங்கிக்கொண்டார்கள், ஆட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இரண்டாவது பருவத்தில் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் யுவென்டஸோடு இரண்டு ஆட்டங்களும் 1-1, பெனால்டியில் தோல்வி. லீக்கில் இன்னொரு டச்சு அணியான பிஎஸ்வி முந்திக்கொண்டது. அவர் ஸ்பிளிட்டுக்குத் திரும்பினார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1987 நவம்பரில், சூப்பர் கோப்பையின் முதல் ஆட்டத்துக்காகப் போர்ட்டோவோடு அதே ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தார். அப்போது அயாக்ஸின் பயிற்சியாளர் யார் தெரியுமா? க்ரைஃப். ரூய் பாரோஸ் அடித்த ஒரே கோலில் போர்ட்டோ வென்றது. ஜனவரியில் சொந்த மைதானத்திலும் 1-0.

எல்லா இடத்திலும் வென்றார் என்று நான் சொல்ல வரவில்லை. துருக்கியின் கலாடசராயில் லீக் பட்டம் கிடைக்கவில்லை. 1991இல் பிரான்சின் மார்செய்யில் சில மாதங்கள்தான். போர்ட்டோவுக்கு இரண்டாவது முறை போனபோது பருவத்தின் நடுவிலேயே பாபி ராப்சன் அவர் இடத்துக்கு வந்துவிட்டார். பாரீஸ் செயின்ட் ஜெர்மெய்னில் 1989இல் பட்டத்தை நெருங்கிவிட்டார். மே மாதம் மார்செய்யில் நடந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மார்செய் வீரர் சோசே தூரத்திலிருந்து அடித்த கோல் அதைப் பறித்துவிட்டது. இரண்டாம் இடம். இவையும் அவர் கணக்கில்தான் சேரும்.

ஈரான் விஷயத்தில் மட்டும் உங்களோடு உடன்பட முடியாது. 1998 தொடக்கத்தில் அவரை அழைத்தார்கள். மே மாதம் இத்தாலியில் ரோமா கிளப்போடு ஒரு நட்புமுறை ஆட்டம். 7-1 என்று தோல்வி. உடனே நீக்கிவிட்டார்கள். உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தன. பொறுப்பேற்ற ஜலால் தாலெபியின் கீழ், ஜூன் 21 அன்று லியோனில் ஈரான் அமெரிக்காவை 2-1 என்று வென்றது. அந்த வெற்றி தாலெபியுடையது, அதில் பங்கு கேட்பது நியாயமில்லை. ஆனால் நட்பு ஆட்டங்கள் ஓட்டைகளைக் கண்டுபிடிக்கத்தானே? ஓட்டை தெரிந்ததும் அடைக்க வந்தவரையே அனுப்பிவிட்டார்கள். இது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

அதோடு முடியவில்லை. அதே ஈரான் பிறகு பிளாஜெவிச்சை அழைத்தது, அவரும் குரோஷியர். அப்புறம் இவான்கோவிச், அவர் நிலைத்து 2006 உலகக் கோப்பைக்கு அணியை அழைத்துப் போனார். அப்புறம் ஸ்கோச்சிச். அவர் 2022 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுக் கொடுத்தார். போட்டிக்குச் சுமார் இரண்டு மாதம் இருக்கும்போது அவரையும் நீக்கிவிட்டு, பழைய பயிற்சியாளர் கெய்ரோஸைத் திரும்பக் கூப்பிட்டார்கள். 24 ஆண்டு இடைவெளியில் இரண்டு குரோஷியர்களுக்கு ஒரே கதை. பயிற்சியாளர் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்கும்போது, அழைத்தவர்கள் பொறுமையாக இருந்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

வேர் இல்லாதவர் என்று உங்கள் கடிதத்தில் ஓர் ஒலி இருக்கிறது. அது உண்மையல்ல. 1933இல் ஸ்பிளிட்டில் பிறந்தார். அங்கேயே ஆடினார், பயிற்சியாளராகத் தொடங்கியதும் அங்கேதான். 1980இல் அவருடைய ஹைடுக், ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் ஹாம்பர்க்கிடம் 1-0 தோற்று, ஸ்பிளிட்டில் 3-2 வென்று, மொத்தம் 3-3 என்று சமமானதால், எதிரணி மைதானத்தில் யார் அதிகக் கோல் அடித்தார்கள் என்ற கணக்கில் வெளியேறியது. 1979இல் அவர் வாங்கிக் கொடுத்த பட்டத்துக்குப் பிறகு ஹைடுக் யூகோஸ்லாவிய லீக்கை வெல்லவே இல்லை. ஆண்டர்லெக்ட்டுக்குப் போனபோதும் ஹைடுக்கின் தடுப்பாட்டக்காரர் பெருசோவிச் அவரோடு பெல்ஜியத்தில் இருந்தார். 2011 ஜூன் 24இல், 78ஆவது பிறந்தநாளுக்கு ஆறு நாள் முன்பு, ஸ்பிளிட்டிலேயே காலமானார்.

இனி எந்த ஆட்டம் என்ற கேள்வி. 1987 டிசம்பர் 13, டோக்கியோ தேசிய மைதானம், போர்ட்டோவும் உருகுவேயின் பெனியரோலும். நான் பலமுறை பார்த்த ஆட்டம். பனி கொட்டுகிறது. புல் தெரியவில்லை, கோடுகள் தெரியவில்லை. உதைத்த பந்து நாலடி உருண்டு, பனிச் சேற்றில் சிக்கி நின்றுவிடுகிறது. பந்தைக் கடத்தி ஆட வழியில்லாத அந்தத் தரையில் போர்ட்டோ வரிசை குலையாமல் நிற்பதைக் கவனியுங்கள். கோமெஸ் முதல் பாதியில் ஒரு கோல் அடிக்கிறார். 80ஆவது நிமிடத்தில் பெனியரோல் சமன் செய்கிறது. கூடுதல் நேரம். கால்கள் விறைத்துப்போன அந்த நேரத்தில், அல்ஜீரியாவின் மாஜெர் வெகு தூரத்திலிருந்து கோல்கீப்பரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிவிடுகிறார். பந்து விழுந்து, பனியில் வேகம் குறைந்து குறைந்து போகிறது. கோட்டுக்கு முன்பே நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் எனக்குப் பதறும். நிற்காமல் உள்ளே போய்விடும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.