கலை: கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: தாத்தா இறந்தபின் பாட்டி பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியே ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார். அவரை ஏ4 அளவு லினோகட்டாக, அதாவது லினோலியம் பலகையில் செதுக்கி மை பூசி எடுக்கும் அச்சாக, செதுக்க ஆசை. வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, கண்ணீர் என்று வழக்கமான விதவைப் படமாக ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு கையில் தொடங்குங்கள். ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் 1914இல் மகனைப் போரில் பறிகொடுத்தவர். பின்னாளில் ‘போர்’ என்று ஏழு மர அச்சுகள் செதுக்கினார். அவற்றில் இரண்டு விதவையைப் பற்றியவை. முதலாவதைத் தேடிப் பாருங்கள். உடம்பு முழுக்க ஒரே கறுப்பு, வயிற்றில் பிள்ளை, நெஞ்சோடு அணைத்த பெரிய கைகளிலும் சாய்ந்த முகத்திலும் மட்டும் வெளிச்சம். (இரண்டாவதில் அவள் குழந்தையோடு தரையில் கிடக்கிறாள். உங்களுக்கு அது வேண்டாம்.)

பாட்டிக்கு அந்த வெளிச்சம் கைவசம் இருக்கிறது: விடியுமுன் நெற்றியில் கட்டிய விளக்கு. லினோவில் செதுக்காத இடமெல்லாம் கறுப்பு. விளக்கு படும் கை, கத்தி, வெட்டுக்கோடு, பால் வடியும் மங்கு, கொஞ்சம் கன்னம், இவ்வளவையும் செதுக்கினால் போதும். புடவை என்ன நிறம் என்ற கேள்வியே எழாது.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: அச்சில் இடம் வலமாகும். மரத்தைப் பார்த்து நிற்பவருக்கு வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும், ஏறக்குறைய 30 டிகிரி. பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே வலம் சாய்ந்து மேலேறுகின்றன. இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மாறி அச்சானால், பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடம்) போன எவரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, புரட்டிப்போட்டுப் பலகையில் படியெடுங்கள்.

3 மில்லிமீட்டர் லினோவை ஐந்து நிமிடம் வெயிலில் வையுங்கள், உளி வழுக்காமல் இறங்கும். மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால். கோட்டின் இரு பக்கமும் வெளிப்புறம் சரிவாக வெட்டுங்கள். அடியில் குடைந்தால் விளிம்பு உதிரும். மை உருளை மெல்லச் சரசரக்க வேண்டும். சளசளவென்று ஒட்டினால் மை அதிகம். செதுக்கிய விரல் ரேகைகள் அடைந்துவிடும். சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிராம் எடையுள்ள மெல்லிய ஜப்பானியத் தாளை மேலே வைத்து, மரக்கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேயுங்கள். முதல் இரண்டு மூன்று தாள் வெளிறித்தான் வரும், பலகை மையைக் குடிப்பதால்.

மின்விசிறிக்கடியில் தண்ணீர் மை பலகையிலேயே காய்ந்துவிடும். எண்ணெய் மைதான் நல்லது. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் அது காய ஒரு வாரம்கூட ஆகலாம். கொடியில் தொங்கவிடுங்கள், அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி வரைந்த யூதித்து விதவையா? பார்த்தால் அப்படித் தெரியவில்லையே!
— வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: விதவைதான். கத்தோலிக்க விவிலியத்தின் யூதித்து நூலின்படி, கைம்பெண் உடையைக் களைந்து, அலங்கரித்துக்கொண்டுதான் எதிரிப் படைத்தலைவனின் முகாமுக்குப் போய் அவன் தலையை வெட்டுகிறாள். ஃபிளாரன்ஸின் உஃபீசி கூடத்தில் இருக்கும் 1620 வாக்கிலான ஓவியத்தில் மஞ்சள் உடை, சுருட்டிவிட்ட சட்டைக்கை. நூலில் வெளியே காத்திருக்கும் பணிப்பெண்ணை ஓவியர் உள்ளே வரவழைத்து, ஆளை அமுக்கிப் பிடிக்க வைத்துவிட்டார். தனி ஒருத்தியால் முடிகிற காரியமா அது?