புல்வெளியில் மரம் நட ஒப்பந்தம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் புல்வெளி இருக்கிறது. நடுவில் ஒரு பள்ளம், வருடம் முழுக்கச் சதசதவென்று ஈரமாகவே இருக்கும். பதிவேட்டில் தரிசு என்றுதான் இருக்கிறது. முழுக்க மரம் நட்டால் கார்பன் பணம் (காற்றிலுள்ள கார்பனை மரம் இழுத்து வைப்பதற்குத் தரும் பணம்) வரும், முப்பது வருட ஒப்பந்தம் என்கிறார் ஒரு முகவர். செய்யலாமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மரமில்லாத இடமெல்லாம் அழிந்த காடு என்ற நினைப்பை வைத்துத்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. உலக நிலப்பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சவானா, அதாவது அங்கங்கே மரம் நிற்கும் புல்வெளி. அதில் பல இடங்களில் காடு வளரப் போதுமான மழை பெய்கிறது. ஆனாலும் அவ்வப்போது பரவும் தீயும் மேயும் விலங்குகளும் மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடுவதில்லை. புல்லுக்கு உயிர் மண்ணுக்குள் இருப்பதால் மறுபடி துளிர்த்துவிடும். கார்பனில் பெரும்பகுதியும் அங்கேதான் இருக்கிறது. குழி வெட்டி மண்ணைப் புரட்டினால் அதில் ஒரு பங்கு காற்றுக்குப் போய்விடும். முகவர் காட்டும் கணக்கில் இந்த இழப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். மரத்தில் சேர்ந்த கார்பனும் ஒரே தீயில் போகலாம்.

அப்புறம் தண்ணீர். தென்னாப்பிரிக்காவில் வெளியிலிருந்து கொண்டுவந்த பைன், யூகலிப்டஸ், வாட்டில் மரங்கள் ஓடைகளின் நீரைக் குறைத்ததால், 1995 முதல் அரசே ஆள் வைத்து அவற்றை அகற்றி வருகிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கவனமாகப் பாருங்கள். உங்கள் நிலம் உண்மையிலேயே வெட்டி அழித்த காடாக இருந்தால் மரம் திரும்பி வருவது நல்லதே. எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய அடிக்கட்டைகள் இருக்கின்றனவா? ஊர்ப் பெரியவர்கள், பழைய வரைபடங்கள் என்ன சொல்கின்றன? பக்கத்துக் காட்டின் கன்றுகள் தாமாகவே முளைக்கின்றனவா? மாறாக, பல வருடம் வாழும் புற்கள், மண்ணுக்குள் கிழங்கு உள்ள செடிகள், வெயிலில் மட்டுமே பூக்கும் சிறு செடிகள் நிறைய இருந்தால் அது பழைய புல்வெளி. அங்கங்கே தடித்த பட்டையுள்ள மரம் நிற்பதை வைத்துக் காடு என்று முடிவு கட்டாதீர்கள், சவானாவிலும் அப்படித்தான் நிற்கும். காடுதான் என்று உறுதியானாலும், வேலி போட்டு விட்டாலே பல இடங்களில் தானாக வளரும். அதில் முகவருக்குக் கமிஷன் இல்லை, அதனால் சொல்லமாட்டார்.

ஈரப்பள்ளத்தை மட்டும் தொடவே விடாதீர்கள். முழுதாக மக்காத செடிகள் சேர்ந்து கறுத்த பீட் மண் அங்கே இருக்கலாம். அப்படிப்பட்ட நிலம் உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான், ஆனால் எல்லாக் காட்டு மரங்களிலும் இருப்பதைவிட அதிகக் கார்பன் அதில் உறங்குகிறது. நீரை வடித்தால் பீட் மக்கி, அந்தக் கார்பன் காற்றோடு போய்விடும். ஸ்காட்லாந்தின் ஃப்ளோ கன்ட்ரி என்ற சதுப்புப் பகுதியில் 1980களில் வரிச்சலுகைக்காகப் பீட் நிலத்தில் வாய்க்கால் வெட்டி ஊசியிலை மரங்களை நட்டார்கள். 1988இல் சலுகை நின்றது. இப்போது செலவு செய்து அதே மரங்களை வெட்டி, வாய்க்கால்களை அடைக்கிறார்கள். எஞ்சிய சதுப்பு 2024இல் உலகப் பாரம்பரிய இடமானது.

இந்தக் குழப்பத்துக்கு முகவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பும், ஐந்து மீட்டருக்கு மேல் வளரும் மரங்களும், பத்து சதவீதத்துக்கு மேல் நிழலும் இருந்தால் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கில் அது காடு. ஒரே இனத்தை வரிசையாக நட்ட யூகலிப்டஸ் தோப்பும் அதில் தேறிவிடும். உங்கள் புல்வெளிக்கோ பதிவேட்டில் தரிசு என்ற பட்டம்தான். திருத்துங்கள் என்று கேட்டால் எந்த மேஜையிலும் பதில் கிடைக்காது.

ஒரு வருடம், எல்லாப் பருவமும் பார்த்து முடியும்வரை பொறுங்கள். புல்வெளித் தாவரங்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். மரவியலாளர் மட்டும் போதாது. ஒப்பந்தத்தில் மரம் செத்தால் யார் மறுபடி நடுவது, பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, நிலத்தை விற்க முடியுமா என்ற மூன்றையும் உங்கள் வழக்கறிஞரிடம் படிக்கச் சொல்லுங்கள். பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.